தண்ணீர்க் கணக்கு

ஸ்டோருக்குத் தண்ணீர் திருப்புவது என் வேலை.
ரத்தோட்டைக்கு மேலே, கீழ்க்கணக்கு ஓடையில்
பலகை போட்டால் குளம், எடுத்தால் ஓடை.
முப்பத்தொரு வருடம் அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போதகர் சீலாஸ் வீரமலை சனிக்கிழமை வந்து கேட்பார்:
"நாளைக்கு இடுப்பளவு வேணும், ராக்கப்பன்."
எத்தனை பேர் என்பேன்.
ஒருவர் என்பார். சில வருடம் மூவர்.
ஒரே ஒரு தடவை ஒன்பது.
அன்று பெரிய துரைக்குத் தெரியாமல்
ராத்திரியே பலகை போட்டேன்.

தலையில் தெளிக்கிற சபைக்குப் போனால்
நனையாமல் வீடு வரலாம் என்று
லயத்தில் சிரிப்பார்கள்.
இவர் ஆளை முழுதாக அமிழ்த்துவார்,
மல்லாக்க,
மூக்கைத் தன் உள்ளங்கையால் பொத்தி,
தை மாதக் குளிரில்.
அட்டை ஏறின காலோடு
கரையில் துண்டு பிடித்து நிற்பது நான்.
மாரியம்மன் காப்பு கையில் இருந்த வருடமும் நின்றேன்.
பார்த்தார். கழற்று என்று சொல்லவில்லை.
"துண்டு நனையாமப் பாத்துக்க" என்றார்.

யுத்தத்துக்குப் போனவர்.
பிரட்டில் பேர் கொடுத்து, கப்பலேறி, எகிப்து.
துவக்கும் தந்தார்களாம்,
கையில் தங்கினது மண்வெட்டி.
தேயிலைக்குள் கான் வெட்டின கைக்கு
மணல் லேசு என்பார்,
வெட்ட வெட்டச் சரியும், அதுதான் கஷ்டம்.
யார் யாரை அதில் வைத்தார் என்று சொன்னதில்லை.

ஒரு தடவை மட்டும்,
மேற்கணக்குச் செல்லாயி
தண்ணீருக்குள் போய் இருமிக்கொண்டே எழும்பின அன்று,
ஈர அங்கியோடு என் பக்கத்தில் குந்தி
பீடி கேட்டார்.
பற்றவைக்கவில்லை. விரலிடுக்கில் வைத்திருந்தார்.
"அங்க நான் இறக்கினதுல
ஒருத்தனும் எழும்பல, ராக்கப்பன்.
இங்க இறக்குற ஒவ்வொருத்தரும் எழும்புறாங்க.
விசுவாசத்துக்கு இது போதும் எனக்கு.
மத்ததெல்லாம் பிரசங்கத்துக்கு."

பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டோம், எல்லாரும்.
கச்சேரியில் அவர் மெடலை மேசைமேல் வைத்தார்.
எழுதுகிறவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.
"அப்ப நாலு வருஷம் நீங்க நாட்டுல இல்ல."
தொடர்ந்து குடியிருந்ததற்கு அத்தாட்சி போதாது.
மனு தள்ளுபடி.
பஸ்ஸில் ஏற்றம் முழுக்க நான் திட்டிக்கொண்டே வந்தேன்.
அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அந்த ஞாயிறு,
பரலோகத்தில் நமக்குக் குடியுரிமை உண்டு என்று
தொடங்கின இடத்திலேயே குரல் நின்றுவிட்டது.
சபை காத்திருந்தது.
சன்னலுக்கு வெளியே நின்ற நானும்.
"இங்கயும் வேணும்" என்றார்,
மெதுவாக, எங்களிடம் இல்லை.
பிறகு பாட்டு.

ஐப்பசியில் செத்தார். மழை விடாத ஐப்பசி.
பட்டாளச் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை,
தபால் போய்ச் சேர்ந்ததோ என்னவோ.
மெடலை மகன் பெட்டிக்குள் வைக்கப் போனான்.
பெர்சியாள் அம்மா அதைப் பிடுங்கி
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
"கச்சேரிக்கு இன்னொரு தடவ போகணும்."

குழியில் தண்ணீர்.
வெட்டினவர்கள் வாளியோடு இறங்கினார்கள்,
இறைக்க இறைக்க ஊறியது.
விடுங்கப்பா என்றேன்.
கண்ணால் பார்த்தே அளவு சொல்கிறவன் நான்:
இடுப்புக்குக் கொஞ்சம் குறைவு.

பெட்டி சத்தமில்லாமல் போயிற்று.
மண் போட்டார்கள். ஜெபித்தார்கள்.
குடைகள் ஒவ்வொன்றாக லயத்துப் பக்கம் இறங்கின.
ஸ்டோரில் சங்கு ஊதிவிட்டது,
பலகை எடுக்கிற நேரம்.
நான் போகவில்லை.
சட்டைக்குள் துண்டு,
நனையாமல்.